வெளிநாட்டு ரயில்களில் சக்கர நாற்காலி இடத்தை முன்பதிவு செய்வது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். மின்சாரச் சக்கர நாற்காலியில் இருக்கும் தம் தாயாரை அழைத்துக்கொண்டு லண்டனிலிருந்து பாரிஸுக்கும், அங்கிருந்து ஜெர்மனி, சுவிட்சர்லாந்துக்கும் ரயிலிலேயே செல்ல ஒருவர் திட்டமிடுகிறார். பல நாட்டு டிக்கெட்டுகளையும் விற்கும் ஒரு பொது இணையதளத்தில் இருக்கை வரைபடம் தெரிகிறது. ஆனால் சக்கர நாற்காலிக்கான இடம் எங்கும் தென்படவில்லை. மலிவாகக் கிடைக்கும் சாதாரண டிக்கெட்டை இப்போதே வாங்கிக்கொண்டு, மற்றதை ரயில் நிலையத்தில் பேசிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். ஐரோப்பா சரிப்பட்டு வராவிட்டால் ஜப்பான் அல்லது அமெரிக்கா எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறார்.

சாதாரண டிக்கெட்டை வாங்க வேண்டாம். சக்கர நாற்காலி இடம் என்பது இருக்கை அகற்றப்பட்ட, நாற்காலி திரும்புவதற்கு வசதி விடப்பட்ட, பெரும்பாலும் அகலமான கழிப்பறைக்கு அருகில் அமைந்த தனிப் பகுதி. ஒரு ரயிலுக்கு இரண்டு, மூன்று, மிஞ்சிப்போனால் ஐந்தாறு இடங்களே இருக்கும். அவை வேறு பயணிகளுக்குப் பதிவாகிவிட்டால், எவ்வளவு நல்ல மனமுள்ள நடத்துநராலும் புதிதாக ஓர் இடத்தை உண்டாக்கித் தர முடியாது. நடைபாதையில் நாற்காலியை நிறுத்துவது அவசரகால வெளியேற்றத்துக்குத் தடையாகும் என்பதால் அனுமதிக்க மாட்டார்கள். உங்கள் தாயார் சில அடிகள் நடந்து சாதாரண இருக்கைக்கு மாறக்கூடியவராகவும், அவருடைய நாற்காலி மடக்கக்கூடியதாகவும் இருந்தால் சாதாரண டிக்கெட் போதும். மின்சார நாற்காலி என்று நீங்களே குறிப்பிட்டிருப்பதால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

இணையதளத்தில் இடம் தெரியாததற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். பல நாட்டு டிக்கெட்டுகளை இடைத்தரகராக விற்கும் தளங்களில் பலவற்றுக்கு இந்த இடங்களை விற்கும் வசதியே கிடையாது. ரயில் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்த வசதி இருந்தாலும், அதை இருக்கை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. பயணிகளின் விவரத்தைக் கேட்கும் முதல் பக்கத்திலேயே, வயதைக் குறிப்பிடும் இடத்துக்கு அருகில், ‘சக்கர நாற்காலிப் பயணி’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அந்த இடம் காலியாக உள்ள ரயில்களும் அதற்குரிய கட்டணமும் திரையில் வரும். எனவே எந்த நாடானாலும் ரயிலை ஓட்டும் நிறுவனத்தின் தளத்திலோ, மாற்றுத்திறனாளிகளுக்கென்று அது வைத்திருக்கும் தொலைபேசி எண்ணிலோ தொடங்குங்கள்.

பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்தது. பெட்டிக்குள் இடத்தைப் பதிவு செய்வது வேறு, நடைமேடையிலிருந்து பெட்டிக்குள் ஏற்றிவிடும் உதவியைப் பதிவு செய்வது வேறு. முன்னதை ரயில் நிறுவனம் விற்கிறது. பின்னதைப் பல நாடுகளில் நிலையத்தை நிர்வகிக்கும் வேறோர் அமைப்பு செய்கிறது. இத்தாலியில் ‘சாலா ப்ளூ’ என்ற அந்தச் சேவையை நடத்துவது ரயில்பாதையையும் நிலையங்களையும் பராமரிக்கும் நிறுவனம், டிக்கெட் விற்கும் நிறுவனங்கள் வேறு. கையில் டிக்கெட் இருப்பதாலேயே நிலையத்தில் யாராவது சாய்வுப் பலகையோடு காத்திருப்பார்கள் என்று கருதிவிடக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி உறுதிச் சீட்டோ மின்னஞ்சலோ வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுதான் வந்திருக்கிறது என்றால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

இந்த உதவி ஏன் இவ்வளவு அவசியமாகிறது என்பதை நடைமேடையின் உயரத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஜப்பானின் அதிவேக ரயில்களான ஷின்கான்சென் நிற்கும் நடைமேடைகள் ஏறத்தாழ 125 செ.மீ. உயரத்தில், பெட்டியின் தரைமட்டத்துக்கு நெருக்கமாக அமைந்தவை. இடையில் ஒரு சிறு பலகையை வைத்தாலே நாற்காலி உருண்டு போய்விடும். ஐரோப்பியக் கண்டத்தின் பெரும்பகுதியில் நடைமேடைகளுக்கான பொது உயரம் 55 அல்லது 76 செ.மீ. தான். அங்கே ஓடும் பழைய அதிவேக ரயில்களில் பலவற்றின் தரை அதைவிட வெகுவாக உயர்ந்தது. கதவருகே இரண்டு மூன்று படிகள் இருக்கும். ஆகவே நடைமேடையின் ஓரத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் சக்கரம் வைத்த தூக்கியை ஊழியர் தள்ளிக்கொண்டு வந்து, கதவுக்கு நேராக நிறுத்தி, அதன் தட்டில் நாற்காலியை ஏற்றிப் பிரேக் போடச் சொல்லிவிட்டு, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி உயர்த்துவார். ஏறுவதற்கு மட்டும் சில நிமிடங்கள் பிடிக்கும். ரயில் இரண்டு நிமிடமே நிற்கும் சிறு நிலையத்தில் இதை முன்னறிவிப்பின்றிச் செய்ய முடியாது; சில சிறு நிலையங்களில் தூக்கியும் இராது, அதை இயக்க ஆளும் இரார். ஜெர்மனியின் ஐசிஇ 4 போன்ற புதிய ரயில்களில் தூக்கி பெட்டியோடு இணைந்தே வருகிறது. ஆனாலும் அதை இயக்குவதற்கு ஊழியர் வர வேண்டும்.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை, வழக்கமான பயணத் திட்டத்துக்கு நேர் எதிரானது. விலையைப் பார்த்து ரயிலைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு உதவி கேட்பதற்குப் பதிலாக, எந்த நிலையத்தில் எந்த நேரத்தில் ஏற்றி இறக்கும் உதவி கிடைக்கும் என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அந்த நேரத்துக்குள் வரும் ரயிலில் சக்கர நாற்காலி இடம் காலியாக உள்ளதா என்று பார்த்து, கடைசியில்தான் பணம் கட்ட வேண்டும். திரும்பி வரும் பயணத்தையும் அதே அமர்வில் முடித்துவிடுங்கள். போவதற்கு இடம் கிடைத்து, வருவதற்குக் கிடைக்காமல் போனால், மாற்ற முடியாத மலிவு டிக்கெட்டின் பணம் வீணாகும்.

தொலைபேசியை எடுப்பதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள். நாற்காலியின் அகலம், நீளம், தாயார் அமர்ந்த நிலையில் மொத்த எடை, திரும்புவதற்கு வேண்டிய இடம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள நீளத்தை நம்ப வேண்டாம். பாதப் பலகையில் கால் வைத்திருக்கும்போது காலணியின் முனை வரைக்கும், பின்னால் கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரங்கள் இருந்தால் அவை வரைக்கும், தொங்கும் பை இருந்தால் அது வரைக்கும் அளக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1300/2014 எண் தொழில்நுட்ப விதி ஒரு மாதிரிச் சக்கர நாற்காலியை வரையறுக்கிறது: அகலம் 70 செ.மீ., நீளம் 120 செ.மீ.; நகரும்போது கைகளுக்காகப் பக்கத்துக்கு 5 செ.மீ.யும் பாதத்துக்காக 5 செ.மீ.யும் கூடுதலாக விடப்படுகின்றன. மின்சார நாற்காலியும் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து 300 கிலோ. பிரிட்டனிலும் ஜப்பானிலும் அதே 70-க்கு 120 அளவுதான் புழங்குகிறது. ஜப்பானில் உயரமும் 120 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கில் அகலம் 30 அங்குலம், நீளம் 48 அங்குலம், எடை 600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 76 செ.மீ., 122 செ.மீ., 272 கிலோ. சாய்ந்து படுக்கும் வகை நாற்காலிகளும் கால் பலகை நீட்டப்பட்ட நாற்காலிகளும் நீளத்தில்தான் தோற்றுப்போகின்றன. பயணத்தின்போது முதுகுப் பகுதியை நிமிர்த்தி வைக்க முடியுமானால், நிமிர்த்திய அளவையே கொடுங்கள். மூன்று அல்லது நான்கு சக்கர மொபிலிட்டி ஸ்கூட்டர் என்றால் விதிகள் இன்னும் கடுமையானவை. அது ஸ்கூட்டர் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டே பதிவு செய்யுங்கள்.

இனி உங்கள் வழித்தடம். லண்டனிலிருந்து பாரிஸுக்குச் செல்லும் யூரோஸ்டாரில் சக்கர நாற்காலிப் பயணிக்கென்று தனிக் கட்டணம் உண்டு. இடம் உயர் வகுப்புப் பெட்டியில் இருந்தாலும் அந்த வகுப்பின் விலையை வாங்குவதில்லை. உடன் செல்லும் ஒருவருக்கும் சலுகைக் கட்டணம் உண்டு. மற்ற டிக்கெட்டுகளைப் போல நாள் நெருங்க நெருங்க விலை ஏறும் என்ற பதற்றம் இதில் தேவையில்லை, ஆனால் இடங்கள் தீர்ந்துவிடும் என்ற பதற்றம் தேவை. விற்பனை தொடங்கிய உடனேயே பதிவு செய்துவிடுவது நல்லது. ஒரு பயணிக்கு ஒரு துணை என்பதே கணக்கு. நான்கு பேர் கொண்ட குடும்பமாகச் சென்றால் மற்ற இருவரும் வேறு பெட்டியில் அமரும்படி ஆகலாம்.

பிரான்சில் டிஜிவி எனும் அதிவேக ரயில்களின் சக்கர நாற்காலி இடங்கள் பெரும்பாலும் முதல் வகுப்பில் இருக்கின்றன. கட்டணம் இரண்டாம் வகுப்புக்கு உரியதுதான். நிலைய உதவிக்கு முன்பு தனித்தனிச் சேவைகள் இருந்தன. 2024 ஜனவரி முதல் ‘அசிஸ்ட் ஆன் கார்’ என்ற ஒரே சேவையில் அதைக் கேட்கலாம். ஜெர்மனியில் தேசிய ரயில் நிறுவனமான டாய்ச்ச பானின் ‘மொபிலிட்டேட்ஸ்சர்வீஸ்-சென்ட்ராலே’ எனும் மையம் இடப் பதிவையும் உதவிப் பதிவையும் ஒரே இடத்தில் முடித்துத் தருகிறது. பல ரயில்கள் மாறும் பயணமானால் இணையதளத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அந்த மையத்துக்குத் தொலைபேசியில் பேசுவதே மேல். சுவிட்சர்லாந்தின் எஸ்பிபி நிறுவனமும் இதற்கென்று தனித் தொடர்பு மையம் வைத்திருக்கிறது. உள்நாட்டுப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு சொன்னாலே பல நிலையங்களில் ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். பொதுப் போக்குவரத்து முழுவதும் 2023 இறுதிக்குள் தடையற்றதாக வேண்டும் என்று 2004-இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சட்டம் கெடு விதித்திருந்தது. எல்லா நிலையங்களும் அந்தக் கெடுவுக்குள் முடியவில்லை. ஆனாலும் தாழ்தள ரயிலும் அதற்கேற்ற நடைமேடையும் சேரும் இடங்களில் யார் உதவியுமின்றி நாற்காலி நேராக உள்ளே போய்விடுகிறது. அவர்களின் கால அட்டவணையே எந்த நிலையத்தில் எந்த ரயிலில் தானாக ஏறலாம், எதில் ஊழியர் உதவி வேண்டும் என்பதைக் குறியீடுகளால் காட்டிவிடுகிறது. நான் பார்த்த வரையில் இதைவிடத் தெளிவான தகவல் அமைப்பு வேறு நாட்டில் இல்லை.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பொதுவான சட்டமாக 2021/782 எண் ஒழுங்குமுறை 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நிலையத்திலும் ரயிலிலும் உதவி இலவசம். 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் போதும். முன்பு 48 மணி நேரமாக இருந்தது. சில நாடுகள் 2026 ஜூன் 30 வரை 36 மணி நேரம் கேட்கலாம் என்ற விலக்கும் அதில் இருக்கிறது. துணையில்லாமல் வரக் கூடாது என்று ரயில் நிறுவனமே நிபந்தனை விதித்தால், அந்தத் துணையிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இயன்ற வரையில் அவரை அருகிலேயே அமர்த்த வேண்டும். நிறுவனம் நிபந்தனை விதிக்காமல் நீங்களாக உடன் சென்றால் இந்த இலவசம் சட்டப்படி வராது. நிறுவனத்தின் சொந்தச் சலுகை இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எல்லை தாண்டும் பயணத்தில் புறப்படும் நாட்டின் நிறுவனத்திடம் கேட்டால், அது அடுத்த நாட்டு நிறுவனத்துக்குச் செய்தியை அனுப்பிவைக்கும். இதற்கென்று பன்னாட்டு ரயில்வே சங்கமான யூஐசியின் மின்னணு அமைப்பு ஒன்று இயங்குகிறது. ஆனால் தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளை யாரும் தானாகச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவை. பிரிட்டனில் ‘பாசஞ்சர் அசிஸ்ட்’ சேவையைப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை பதிவு செய்யலாம். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான ரெயில்கார்டு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி தருகிறது; ஆனால் அதற்குக் கேட்கப்படும் சான்றுகளில் பல அந்நாட்டில் வசிப்பவர்களிடம் மட்டுமே இருக்கும். அந்த அட்டை இல்லாமலேயே, சொந்தச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி பயணிப்பவருக்கும் அவரோடு வரும் பெரியவர் ஒருவருக்கும் எந்த நேரத்து ரயிலிலும் செல்லக்கூடிய ‘எனிடைம்’ வகை டிக்கெட்டுகளில் தள்ளுபடி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நிலையத்தின் டிக்கெட் கவுன்டரில் கேட்டு வாங்கலாம். நீண்ட தூரப் பயணங்களில் முன்கூட்டியே வாங்கும் ‘அட்வான்ஸ்’ டிக்கெட் இந்தத் தள்ளுபடி விலையைவிடவும் மலிவாக அமைவது உண்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொதுவாகச் சலுகைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜெர்மனியின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குக் கிடைக்கும் உள்ளூர் இலவசப் பயணமும், ஜப்பானின் அட்டைக்குக் கிடைக்கும் கட்டணக் குறைப்பும் அந்தந்த நாட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கே. வெளிநாட்டுச் சான்றிதழைக் காட்டிப் பெற முடியாது. ஆனால் இடமும் உதவியும் எவருக்கும் பொது. அவற்றுக்காக யாரும் கூடுதல் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

நிலையம் மாறும் இடங்களில்தான் திட்டங்கள் உடைகின்றன. யூரோஸ்டார் பாரிஸில் கார் து நோர் நிலையத்துக்கு வருகிறது. ஸ்ட்ராஸ்பூர்க், ஃபிராங்க்ஃபுர்ட் பக்கம் செல்லும் ரயில்கள் கார் த லெஸ்ட் நிலையத்திலிருந்தும், ஜெனீவா, சூரிச் செல்லும் லிரியா ரயில்கள் கார் த லியோன் நிலையத்திலிருந்தும் புறப்படுகின்றன. நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையிலான தெருவில் ரயில் ஊழியர் உங்களோடு வரமாட்டார். கார் து நோருக்கும் கார் த லெஸ்டுக்கும் இடையே நடக்கும் தூரம்தான். ஆனால் கைப்பேசி வரைபடம் காட்டும் நெருங்கிய வழி ஆல்சாஸ் தெருவின் நீண்ட படிக்கட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். நீங்கள் மஜந்தா பெருவீதி வழியாகச் சுற்றிப் போக வேண்டும். லியோன் நிலையத்துக்கோ நடக்க முடியாது, பாரிஸின் பழைய மெட்ரோ நிலையங்களில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. தாழ்தளப் பேருந்து அல்லது முன்கூட்டிப் பதிவு செய்த தடையற்ற டாக்ஸி, இரண்டில் ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இணையதளம் தானாகப் பரிந்துரைக்கும் இணைப்பு நேரத்தை ஏற்காமல், ஒரே நிலையத்துக்குள் மாறினால் குறைந்தது 45 நிமிடமும், வேறு நிலையத்துக்குப் போக வேண்டுமானால் இரண்டு மணி நேரமும் விடுவது என் வழக்கம். ஊழியர் உங்களை இறக்கிவிட்டு, அதே தூக்கியை மற்றொரு நடைமேடைக்கு உருட்டிக்கொண்டு போக வேண்டிவரலாம். அன்றைய கடைசி ரயிலை இணைப்பு ரயிலாக வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

ஜப்பானைப் பொறுத்தவரை, ஒப்பிட்டுச் சொன்னால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தரநிலையின்படி, புதிதாகச் சேர்க்கப்படும் ஷின்கான்சென் ரயில்களில் ஆயிரத்துக்கு மேல் இருக்கைகள் இருந்தால் ஆறு சக்கர நாற்காலி இடங்கள் இருக்க வேண்டும். 500 முதல் 1000 வரை என்றால் நான்கு, அதற்கும் குறைந்தால் மூன்று. டோக்கியோ–ஒசாகா பாதையில் ஓடும் என்700எஸ் ரயில்களில் இவை 11-ஆம் பெட்டியில், சன்னலோரம் உட்பட, அமைந்திருக்கின்றன. பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்கு விற்பனை தொடங்குகிறது. பழைய வகை ரயில்களில் இடம் குறைவு என்பதால், பதிவு செய்யும்போதே எந்த வகை ரயில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றிவிடும் ஊழியர் உங்கள் பெட்டி எண்ணையும் கதவையும் இறங்கும் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். அங்கே கதவு திறக்கும்போது மடக்குப் பலகையோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஆம்ட்ராக்கைக் கட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான தடங்களில் மாற்றுத்திறனாளிக்கும் அவருடைய துணைக்கும் பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள், சான்று கேட்பார்கள். இரவு ரயில்களில் தனிக் கழிப்பறையோடு கூடிய தடையற்ற படுக்கை அறை கிடைக்கிறது. புறப்படுவதற்கு 14 நாட்களுக்கு முன்பு வரை அது மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும்; அதன்பின் மற்ற படுக்கை அறைகள் விற்றுத் தீர்ந்தால் அதையும் பொதுவில் விற்றுவிடுவார்கள். இரட்டைத் தள ரயில்களில் இந்த அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. உணவுப் பெட்டி மேல்தளத்தில். சாப்பாட்டை அறைக்கே கொண்டுவரச் சொல்லிப் பதிவின்போதே கூறிவிடுங்கள்.

பயண நாளில், உறுதிச் சீட்டில் எழுதியுள்ள சந்திப்பு இடத்துக்குக் குறித்த நேரத்தில் போய்விட வேண்டும். ஒன்றியத்தின் ஒழுங்குமுறை, நேரம் குறிப்பிடப்படாவிட்டால் புறப்பாட்டுக்குக் குறைந்தது 30 நிமிடம் முன்பு வந்து நிற்கச் சொல்கிறது. 60 நிமிடத்துக்கு மேல் முன்னதாக வரும்படி நிறுவனமும் கேட்கக் கூடாது. பதிவு எண், நாற்காலியின் அளவுகள், இறங்கும் நிலையத்தின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் அந்நாட்டு மொழியில் அச்சிட்டு நாற்காலியின் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். மொழி தெரியாத இடத்தில் பேச்சைவிட அது வேகமாக வேலை செய்யும். பெட்டிக்குள் போனதும் நடத்துநரிடம் இறங்கும் நிலையத்தை ஒரு முறை சொல்லி, அங்கே செய்தி போயிருக்கிறதா என்று கேளுங்கள். கழிப்பறை வேலை செய்கிறதா என்பதையும் ரயில் புறப்படுவதற்கு முன்பே பாருங்கள். அது பழுதாகி இருந்தால், நீண்ட பயணத்தில் அடுத்த ரயிலுக்கு மாற்றித் தரும்படி கேட்பதில் தவறே இல்லை.

பதிவு செய்த உதவி வராமல் போனால், முதலில் நிலையத் தகவல் மேசையில் நேரத்தைக் குறிப்பிட்டுப் புகாரைப் பதிய வைத்து, அடுத்த ரயிலில் இடத்தையும் உதவியையும் சேர்த்தே மாற்றித் தரச் சொல்லுங்கள். இடம் மட்டும் மாறி உதவி பழைய ரயிலிலேயே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிரிட்டனில் பதிவு செய்த உதவி தவறினால் ரயில் நிறுவனம் அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஒன்றிய நாடுகளில் நாற்காலிக்கு ரயில் நிறுவனத்தாலோ நிலைய நிர்வாகத்தாலோ சேதம் ஏற்பட்டால் பழுதுபார்க்கும் அல்லது புதிதாக வாங்கும் செலவை அவர்கள் தாமதமின்றி ஏற்க வேண்டும். அதற்கு ஆதாரமாக, ஏறுவதற்கு முன் நாற்காலியின் நான்கு பக்கங்களையும், கட்டுப்பாட்டுக் கைப்பிடியையும், மின்கலப் பெட்டியையும் தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, சேதம் தெரிந்தால் நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே எழுத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.